புத்தகத்தில் செத்தவன்

கானாவில், எங்கள் ஒபுவாசி ஊரில் இதற்குக் கால்பந்து வயசு என்று பெயர். யாரும் முகம் சுளிப்பதில்லை. என் அண்ணன் க்வாக்குவுக்குப் பாஸ்போர்ட்டில் இருபத்தாறு, எனக்கு முப்பது. ஆனால் நாங்கள் இரட்டையர். இருபத்திரண்டு வயதில் துருக்கிக்கு விமானம் ஏறும்போது பயிற்சியாளர் அவனைப் பதினெட்டாக்கி அனுப்பிவைத்தார்.

அம்மாவை அடக்கம் செய்யக் குறித்திருந்த அதே சனிக்கிழமை, அங்கே ஒரு பெரிய கிளப்பில் அவனுக்கு உடல் பரிசோதனை. தேறினால் மூன்று வருட ஒப்பந்தம். இருபத்தாறுக்கு மேல் ஒருவனைக்கூட எடுக்கமாட்டார்கள். தேய்ந்துபோன அவன் முழங்காலுக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பும் கிடையாது. அதனால் அவன் வரவில்லை.

வியாழக்கிழமை சாவுப் புத்தகத்தின் மாதிரி வந்தது. செத்தவர் வாழ்க்கையை அச்சடித்து, அடக்கத்துக்கு வருபவர்களுக்கெல்லாம் கொடுப்போம், மைக்கிலும் வாசிப்போம். மூன்றாம் பக்கத்தில், "1995 மார்ச்சில் க்வாக்கு பானின், அகுவா காக்ரா என்ற இரட்டையரைப் பெற்றெடுத்தார்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பானின் என்றால் மூத்தவன், க்வாக்கு; காக்ரா என்றால் இளையவள், நான். தாய்மாமாவிடம் ஓடினேன்.

"அந்த வரியை எடுத்துடுங்க மாமா. யாராவது போட்டோ எடுத்துப் போட்டா அவன் கதி?"

"உங்கம்மாவை ஊரு எப்படிக் கூப்பிட்டுச்சு? ரெட்டைப் புள்ளைக்காரின்னுதானே? எங்கக்காவுக்கு இருந்த ஒரே பெருமை அது. அதையும் பிடுங்கிட்டுப் புதைக்கச் சொல்றியா?"

போனில் க்வாக்குவைப் பிடித்துக் கொடுத்தேன்.

"ரெட்டை இருக்கட்டும் மாமா," என்றான். "அந்தப் பானின் ரெண்டு வயசுலயே செத்துட்டான்னு போடுங்க. நான் அதுக்கப்புறம் பொறந்த வேற புள்ளை. அவன் பேரையே எனக்கும் வச்சீங்க."

"உசுரோட இருக்கிறவனைச் சாவுப் புத்தகத்துல சாகடிக்கணுமாடா?"

"நாலு வருசத்தை வெட்டினப்ப யாரும் கேக்கலையே மாமா."

மாமாவின் தலைக்கு மேலே இருந்த கூரை க்வாக்கு போட்டுக் கொடுத்தது. அச்சகத்துக்குப் போன் போட்டு வரியை மாற்றச் சொன்னார்.

சனிக்கிழமை கறுப்பும் சிவப்புமாய்ப் பந்தல் நிறைந்திருந்தது. அம்மாவைப் படுக்க வைத்திருந்தார்கள். பிள்ளைகள் சார்பில் நான்தான் வாசிக்க வேண்டும். "பானின் இரண்டு வயதில் இறந்துபோனான்" என்ற இடத்தை வேகமாக வாசித்துக் கடந்தேன். எங்கள் இருவரையும் ஒரே தொட்டியில் குளிப்பாட்டிய அத்தைகள் முதல் வரிசையில் இருந்தார்கள். விஷயம் புரிந்து தலையைக் குனிந்துகொண்டார்கள். ஊர் காட்டிக்கொடுக்காது, எனக்குத் தெரியும்.

வெளியூரை நான் மறந்துவிட்டேன். வரமுடியாத சொந்தங்கள் பார்க்கட்டும் என்று மாமா எல்லாவற்றையும் ஃபேஸ்புக்கில் நேரலையாக விட்டிருந்தார். இத்தாலியிலும் கனடாவிலும் இருந்த எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நேரலைக்குக் கீழே எழுதித் தள்ளிவிட்டார்கள்.

"பானின் செத்துட்டானா? அப்ப 2010 பரிட்சையில என்னைப் பாத்து எழுதினது அவன் ஆவியா?"

"ஆவியா? அது மிதிச்ச தழும்பு இன்னும் என் கால்ல இருக்குடா!"

ஒருத்தி பள்ளிப் படத்தையும் தேடி ஒட்டிவிட்டாள். கரும்பலகையில் 2010, அதன் கீழே என் தோளில் கைபோட்டபடி க்வாக்கு. அவன்மேல் இருந்த ஆசையில்தான் செய்தார்கள். நான் யாரைப் போய்த் திட்டுவது?

நான் மைக்கை விட்டு இறங்கியபோது போனில் அவனுடைய பதினோரு அழைப்புகள் இருந்தன.

"அழிக்கச் சொல்லத்தாண்டி கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன் அகுவா."

"முன்னூறு பேர் பகிர்ந்துட்டாங்கடா."



"கிளப் ஆளு ஏற்கெனவே பாத்துட்டான். படத்தைக் காட்டி இது யாருன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"செத்துப்போன எங்கண்ணன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"ரெண்டு வயசுல செத்தவன் பள்ளிக்கூடத்துல என்ன பண்றான்னு சிரிச்சான். பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பச் சொல்லிட்டாங்க."

 பந்தலுக்கு வெளியே ஊதுகொம்புகள் ஆரம்பித்துவிட்டன.

"அது என்ன சத்தம்? அம்மாவைத் தூக்கிட்டாங்களா?"

"தூக்கிட்டாங்கடா."

"நான் வந்திருக்கலாம்," என்றான்.