மூடியில் எழுதிய அளவு

"அசையாதை அக்கா," என்று என் தாடையைப் பிடித்துக்கொண்டு சீலா கலவையைத் தேய்த்தாள். காலை வெளிச்சம் வேண்டுமென்று முருங்கை மரத்தடியில் கதிரை போட்டு என்னை இருத்தியிருந்தாள்.

கண்ணாடியைப் பார்த்தேன். "சுண்ணாம்பு அடிச்ச மதில் மாதிரிக் கிடக்கு. ஆர் என்னைப் பொம்பிளை பாக்க வருவினம்?"

"இப்ப மட்டும் வரிசையிலை நிக்கினமாக்கும்."

கோப்பித்தூள் ஒரு சிட்டிகை சேர்த்து மறுபடி தேய்த்தாள். பூசியதே தெரியாமல் நிறம் தோலோடு மறைந்தது. அலங்காரப் பெட்டி மூடியின் உட்புறத்தில் பேனையால் அளவை எழுதிக்கொண்டாள். பக்கத்து ஒழுங்கை ஞானாம்பிகைக்கு அன்று கலியாணம். அவளுக்கும் எனக்கும் ஒரே நிறம். சீலா தனியாக ஒப்புக்கொண்ட முதல் மணப்பெண் அவள்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் ஊர் திரும்பியபோது, அங்கே அலங்காரக் கடையில் வேலை பழகியபோது வைத்திருந்த அந்தத் தகரப் பெட்டியை மட்டும் சீலா கொண்டுவந்தாள். எட்டு வருடம் அது அலுமாரிக்கு மேல் கிடந்தது. பிறகு கலியாணப் படங்கள் கனடாவிலும் சுவிசிலும் இருந்த சொந்தங்களுக்குப் போகத் தொடங்கின. பெண்ணுக்கு முகம் எழுத ஆள் தேடினார்கள். சண்டையால் பவுடர் வருவதற்கும் அரசாங்கத் தடை. இருந்ததைச் சந்தனத்தோடு கலந்தாள். இன்னும் இரண்டு வீட்டார் நாள் சொல்லியிருந்தார்கள்.

"பூவும் ஊசியும் வாங்கிக்கொண்டு ஓடி வாறன்," என்று சைக்கிளை எடுத்தாள்.

ஒன்பது மணிக்குச் சந்தைப் பக்கம் குண்டு விழுந்தது. எங்காவது பதுங்குகுழியில் இருப்பாள் என்று நினைத்தேன். அப்படி இருந்துவிட்டு வருவது எங்களுக்குப் பழக்கம்.

பெண்ணின் தமையன் மார்க்கண்டு வந்தார். "சுகிர்தம், முகூர்த்தம் பத்தரைக்கு. சீலா எங்கை?"

முதல் பெண்ணிலேயே அவள் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைப் பார்த்துக் கலந்தேன். ஞானாம்பிகையின் முகத்தில் திட்டு ஒன்றும் விழவில்லை. "சீலா அக்காவின்ரை கை மாதிரியே இருக்கு," என்றாள் அவள்.

வீடு திரும்பியபோது வாசல் படலையில் சனம் நின்றது. சந்தையிலிருந்து சீலாவின் உடலைக் கொண்டுவந்திருந்தார்கள்.

செத்து முப்பத்தோராம் நாள் செய்யும் அந்திரட்டிக் கணக்கெல்லாம் எங்கள் கிறிஸ்தவ சபையில் இல்லை. ஒரு மாதம் கழித்து மார்க்கண்டு படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

"உம்மிலை பிழை சொல்லேல்லை. ஆனா செத்தவீட்டுத் துடக்கோடை பொம்பிளையைத் தொட்டுப்போட்டா எண்டு சம்பந்தி வீட்டார் கதைக்கினம்."

"எனக்கு அப்ப தெரியாதண்ணை. நாங்கள் வேதக்காரர், துடக்குப் பாக்கிறதுமில்லை."

"நீங்கள் பாக்கிறேல்லை. நாங்கள் பாக்கிறம்."

நாள் சொன்ன இரண்டு வீட்டாரும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் தொடங்கியது ஒரு நாளோடு முடியக் கூடாதென்று பெட்டியோடு வீடு வீடாக நடந்தேன். சைவ வீடுகளில் தண்ணீர் தந்தார்கள். வேதக்கார வீடுகளில் இரங்கி அழுதார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை.

தொண்ணூற்றைந்துச் சண்டையில் ஊரோடு இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது பெட்டியை விட்டுவிட்டு மூடியைக் கழற்றிக்கொண்டு வந்தேன். பவுடர் மூன்று, சந்தனம் ஒன்று, கோப்பி ஒரு சிட்டிகை. எப்போதாவது கலந்து இடது தாடையில் தேய்த்துப் பார்ப்பேன். பூசியது தெரிவதில்லை.