லக்ஷிகாவிடம் மட்டும் கேட்டார்கள்

1
இந்தக் கதை எனக்குச் செசிலியக்கா சொன்னது. தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். பதுளை பஸ்ஸுக்கு நின்றபோது, "எழுதுறவங்கதானே? எழுதுங்க. ஆனா என்னய நல்லவளாக்கிடாதீங்க" என்றார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மூடுபனி இறங்கிய மலைச்சரிவில் ஒரு தாய்…

(வேண்டாம். அன்றைக்கு நல்ல வெயில்.)

2
செசிலிக்கு நாத்தனார் மேல் பொறாமை. வருத்தம், ஆதங்கம் என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

நாத்தனார் லக்ஷிகாவுக்குத் தலைப்பிரசவம். கணவன் அஜந்தனுக்குக் கொழும்பில் கடை வேலை. பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் கூடவே இருக்கலாம் என்று கிளினிக்கில் சொன்னதும் லக்ஷிகா யோசிக்கவேயில்லை. "அண்ணி வரட்டும்."

பிரசவ அறையில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவமாது ரிஸ்கா தமிழில் பேசினார். எதைச் செய்வதற்கு முன்னும் சொன்னார். "இப்ப உள்ளுக்குச் சோதிச்சுப் பாக்கணும். பாக்கலாமா?"

லக்ஷிகா தலையாட்டினாள். அந்த 'பாக்கலாமா'வைக் கேட்டதும் செசிலிக்கு

(நான்கு முறை தொடங்கியும் இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.)

3
பதினொரு வருடங்களுக்கு முன், வேறோர் ஆஸ்பத்திரியில், செசிலி தன் பிரசவத்துக்குத் தனியாகப் படுத்திருந்தாள். சுற்றி நின்றவர்கள் பேசியது சிங்களம். வெட்டினார்கள், தைத்தார்கள். எதற்கென்று ஒருவரும் சொல்லவில்லை. கத்தியபோது ஒருத்தி தொடையில் அடித்தாள். அதன் பிறகு அவள் கத்தவில்லை.

4
பகல் பதினொரு மணிக்கு லக்ஷிகாவின் வலி மட்டுப்பட்டது.

"சேலைன்ல மருந்து போட்டா வேகமா வரும், ஆனா வலி கடுமையா இருக்கும்" என்றார் ரிஸ்கா. "புள்ளட துடிப்பு நல்லா இருக்கு. அதால ஒரு மணித்தியாலம் நடந்தும் பாக்கலாம். ரெண்டும் சரிதான். ஒங்களுக்கு எது விருப்பம்?"

லக்ஷிகா செசிலியின் கையைப் பிடித்தாள். "அண்ணி, நீங்க சொல்லுங்க."

இங்கே ஒரு நல்ல செசிலியை எழுதிவைத்திருந்தேன். அவள் லக்ஷிகாவின் நெற்றியைத் துடைத்து 'நடப்போம்' என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் சொன்னது இது:

"மருந்தப் போடச் சொல்லு. எங்களயெல்லாம் கேட்டா செஞ்சாங்க? ஒங்கிட்ட மட்டும் ராணியாட்டம் ஒவ்வொண்ணுக்கும் கேக்கணுமோ?"

லக்ஷிகா கையை விட்டுவிட்டாள். சுவரைப் பார்த்தபடி, "சரி மிஸ், போடுங்க" என்றாள்.

ரிஸ்கா அசையவில்லை. "இது ஒங்கட விருப்பமா, அவங்கட விருப்பமா?" என்று லக்ஷிகாவிடமே கேட்டார்.

அந்தக் கட்டிலருகே தான் இப்போது யாரைப் போல நிற்கிறோம் என்று செசிலிக்கு உறைத்தது. அன்று தொடையில் அடித்தவளைப் போல.

"நான் சொன்னத விட்டுருங்க மிஸ்" என்றாள். "லச்சி, கோவிச்சுக்காத. நீயே சொல்லு. எதுன்னாலும் நான் இங்கதான் நிப்பேன்."

"நடக்கணும் போல இருக்கு அண்ணி."

நடந்தார்கள். வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும், லக்ஷிகாவின் பாரம் முழுதும் செசிலியின் தோளில்.

பொறாமை போய்விட்டதா என்று செசிலியக்காவிடம் கேட்டேன்.

"எங்க போகும்? அதுவும் கூடவேதான் நடந்துச்சு."

(இந்த வரி எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா என்று எனக்கும் பொறாமை.)

மூன்றரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

5
வார்டில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு லக்ஷிகா கேட்டாள். "ஒங்களுக்கு அன்னைக்கு என்ன நடந்துச்சு அண்ணி? முழுசா சொல்லுங்க."

பதினொரு வருடத்தில் யாரும் கேட்டதில்லை, கணவன்கூட.

செசிலி சொன்னாள். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை சொன்னாள். பிறகு செசிலியக்கா எனக்கும் சொன்னார். மூன்றாம் பகுதியில் இருப்பது அதில் கால்வாசி. மீதியை இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். இந்தக் கதைக்கு அதைவிட நல்ல முடிவு கிடைக்காது. அச்சுக்குக் கொடுக்கும் முன் போன் போட்டேன்.

"இதப் போடலாமா அக்கா?"

"வேணாங்க."

இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டேன். முடிவு வேண்டுமென்றால், உங்கள் வீட்டில் பிள்ளை பெற்ற ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவரும் வேண்டாமென்றால், என்னைப் போலவே இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.