மான்குட்டி தேடிய ஜூன்

பஸ்ரியனுக்கு நாற்பத்து நான்கு வயது. பிறம்ரனிலிருந்து லொறி ஓட்டுகிறவன். ரொறன்ரோவில் அஜின்கோர்ட் பக்கம் ஒரு பேஸ்மென்ற்றில் தனியே இருந்தான். இளம் வயதில் பேசிய கலியாணம் சரிவரவில்லை, பிறகு அவனும் தேடவில்லை. அவன் ஆசையோடு காத்திருப்பதென்றால் நவம்பரில் வருகிற அந்த ஒரு கிழமைக்குத்தான். ரொறன்ரோவிலிருந்து வடகிழக்கே மூன்று மணித்தியாலம் ஓடினால் வருகிற காட்டுக்குச் சிநேகிதன் ஜூலியஸோடும் இன்னும் சிலரோடும் மான் வேட்டைக்குப் போவான்.

கொஞ்சக் காலமாக மானைக் காணவில்லை. விடியமுன் மரத்தில் ஏறியிருந்து, விறைத்துப்போய் வெறுங்கையோடு இறங்கினார்கள். கொயோட்டிகள்தான் குட்டிகளைத் தின்று முடிக்கின்றன என்று ஜூலியஸ் அடித்துச் சொன்னான். நரியைவிடப் பெரிசாய், ஓநாயைவிடச் சின்னதாய் இருக்கும் அந்த மிருகங்களின் ஊளை காட்டில் கேட்கத்தான் செய்தது. வருகிற குளிருக்குள் அவற்றைச் சுட்டுவிடுவதென்று பேசிக்கொண்டார்கள்.

அந்த வருட ஜூனில் அதே காட்டில் ஒரு பல்கலைக்கழகம் மான்களைப் பற்றிய ஆய்வொன்றைத் தொடங்கியது. பிறந்த குட்டிகளைத் தேட வேட்டைக்காரரின் உதவியைக் கேட்டிருந்தார்கள். மற்றவர்கள் நேரமில்லை என்றார்கள். பஸ்ரியன் போனான். ஆய்வுக்காக அன்ரெனாவும் கையுமாக அங்கே நின்றவள் ஒரு தமிழ்ப் பெண். பெயர் நிலாணி. அவளும் அஜின்கோர்ட்தான். அவளுடைய பழைய கார் அந்தப் பாதைக்குச் சரிவராததால், அடுத்த சனியிலிருந்து அவனுடைய வாகனத்தில் வரத் தொடங்கினாள். அவனை ‘பஸ்ரியன் அண்ணை’ என்று கூப்பிட்டாள். முதலில் அது அவனுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

பிறந்து ஓரிரு நாளான குட்டி பன்னச் செடிகளுக்குள் அசையாமல் படுத்துக் கிடக்கும். கிட்டப்போனாலும் ஓடாது. நிலாணி அதன் கழுத்தில் ஒரு மெல்லிய பட்டியைக் கட்டும்வரை பஸ்ரியன் பிடித்திருப்பான். குட்டியின் நெஞ்சு அவன் உள்ளங்கையில் படபடவென்று அடிக்கும். அந்தப் பட்டியிலிருந்து அன்ரெனாவுக்கு வருகிற சத்தம் ஆறுதலாகக் கேட்டால் குட்டி உயிரோடு இருக்கிறது. கனநேரம் அது அசையாவிட்டால் சத்தம் வேகமாகும். வேகமான சத்தத்தைத் தேடிக்கொண்டு இருவரும் சேற்றுக்குள்ளும் நுளம்புக்குள்ளும் நடந்தார்கள்.

எது கொன்றதென்று மிஞ்சிக் கிடந்த உடலைப் பார்த்துக் கண்டுபிடிக்க அவள் சொல்லிக்கொடுத்தாள். தோல் உள்பக்கம் வெளியே புரண்டு, எலும்பு நொறுங்கிக் கிடந்தால் கரடி. தொண்டையில் பல் பதிந்திருந்தால் கொயோட்டி. அவன் நினைத்ததற்கு மாறாகக் கரடி தின்றவைதான் கூடுதல். சில குட்டிகளில் ஒரு காயமும் இல்லை. போன குளிரின் ஆழமான பனியில் பட்டினி கிடந்த தாய்களிடம் பால் இருக்கவில்லை.

“அப்ப கொயோட்டியைச் சுட்டா மான் தொகை கூடாதோ?” என்று ஒருநாள் கேட்டான்.

“கொஞ்சம் கூடலாம், அண்ணை. ஆனா அந்த இடத்துக்கு வேற கொயோட்டி வரும். நீங்கள் பெண்மானையும் சுடுறீங்கள்தானே, அதையும் கணக்கில எடுக்கோணும்.”

திரும்பி வருகிற பாதையில் அவள் சில வேளை நித்திரையாகிவிடுவாள். அவன் ரேடியோவைக் குறைத்து, வேகத்தையும் குறைப்பான். கிழமை நாட்களில் லொறிக்குள் தனியே இருக்கும்போது, அவளுக்குச் சொல்ல என்னென்னவோ சேர்த்து வைத்தான். சனிக்கிழமை வந்தால் மான்களைப் பற்றி மட்டும்தான் பேசினான். ‘அண்ணை’ என்ற சொல் அவனை உறுத்தத் தொடங்கியிருந்தது.

செப்ரெம்பரில் ஜூலியஸின் கராஜில் எல்லோரும் கூடியபோது, கண்டதைச் சொன்னான். கொஞ்சக் காலத்துக்குப் பெண்மானைச் சுடாமல் விடுவோம், கொயோட்டியையும் விடுவோம் என்றான்.

“உனக்கு மானில விருப்பமோ, மான் பாக்கிறவளில விருப்பமோ?” என்றான் ஜூலியஸ். எல்லோரும் சிரித்தார்கள். பஸ்ரியனின் முகத்தைப் பார்த்த பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

கடைசியில் பெண்மானைச் சுடுவதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். கொயோட்டியை மட்டும் ஜூலியஸ் விடவில்லை. தை மாதத்தில் போய் இரண்டைச் சுட்டான். இளவேனிலில் நிலாணி காட்டில் கட்டி வைத்திருந்த கமராவில் புதிய கொயோட்டிகள் நடமாடின. ஆனால் அந்தக் குளிர்காலம் பனி குறைவு, குட்டிகளும் கூடுதலாகத் தப்பின. தன்னுடைய துவக்குச் சூட்டால்தான் என்றான் ஜூலியஸ். பனி குறைந்ததாக இருக்கலாம், நீங்கள் சுடாமல் விட்ட பெண்மான்களாகவும் இருக்கலாம், ஒரு வருடத்தை வைத்துச் சொல்ல முடியாது என்றாள் நிலாணி.

இரண்டாவது கோடையோடு ஆய்வு முடிந்தது. அவளுக்குக் கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் யூக்கோனில் வேலை கிடைத்திருந்தது, ஓநாய்களைப் பற்றியது. கடைசிப் பயணத்தில் ஒஷவா நகரம் தாண்டியதும் பஸ்ரியன் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

“நானும் அங்க வரட்டே? அங்கயும் லொறி ஓடுதுதானே.”

அவள் கைநீட்டி ரேடியோவை நிறுத்தினாள்.

“வேண்டாம், பஸ்ரியன். நான் ஒரு இடத்தில நிக்கிற ஆள் இல்லை. நீங்கள் வந்து சேர, நான் வேற எங்கயாவது போயிருப்பன். அது உங்களுக்குப் பாவம்.”

இரண்டு கோடையில் அன்றைக்குத்தான் அவள் அவனை அண்ணை போடாமல் கூப்பிட்டாள். வேண்டாம் என்றதும் அதே வாய்தான். கெனடி றோட்டில் அவளை இறக்கிவிட்டு, அவன் வீட்டுக்குப் போகாமல் வாகனத்துக்குள்ளேயே இருந்தான்.

அடுத்த ஜூனில், ஆய்வு ஒன்றும் இல்லாமலே பஸ்ரியன் லீவு போட்டான். நவம்பரில்தானே வேட்டை, இப்ப ஏன் போகிறாய் என்று ஜூலியஸ் கேட்டான். சும்மா குட்டி பார்க்க என்றான் இவன். ஜூலியஸ் வேறொன்றும் கேட்காமல் தானும் ஏறிக்கொண்டான்.

குட்டியை முதலில் கண்டது ஜூலியஸ்தான். சப்பாத்து நுனிக்குக் கிட்ட, புள்ளி புள்ளியாய், காதை மடித்துக்கொண்டு கிடந்தது. வாய் திறக்கப்போனவனின் கையைப் பஸ்ரியன் பிடித்தான். தாய் எங்கோ மறைவில் நின்று காலால் நிலத்தைத் தட்டியது.

“படம் எடுத்து அவளுக்கு அனுப்பன்” என்று ஜூலியஸ் மெல்லச் சொன்னான்.

காட்டுக்குள் சிக்னல் இல்லை. பெரிய றோட்டுக்கு வந்ததும் பஸ்ரியன் ஓரமாக நிறுத்தி, ஒரு சொல்லும் எழுதாமல் படத்தை அனுப்பினான். அவர்கள் ரொறன்ரோ வந்து சேரமுதலே பதில் வந்தது: ‘ஆணோ, பெண்ணோ?’

வாகனம் ஓட்டிக்கொண்டிருந்தவன் அதைப் பார்க்கவில்லை. ஜூலியஸை வீட்டில் இறக்கிவிட்டு, போனை எடுத்துப் படித்து, ‘தெரியேல்லை. நீங்களே வந்து பாருங்கோ’ என்று எழுதினான். பிறகு இரண்டாவது வசனத்தை அழித்துவிட்டு, முதலாவதை மட்டும் அனுப்பினான்.