அம்பிட்டியவின் அரசாங்கக் கயிறு

1974ஆம் ஆண்டு ஜனவரி மாதம், கண்டி மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியின் களஞ்சியப் பொறுப்பாளர் நவரட்ணராஜா, இடமாற்ற உத்தரவின்படி அம்பிட்டியவிலிருந்து ஆகாயத்துக்குப் போய்க் கடமையைப் பொறுப்பேற்றார். ஒரு கையில் குடை, மறு கையில் தகரப் பெட்டி. வீட்டு வளவுக்குள் நின்ற பலாமரத்தைத் தாண்டி எழும்பி, அதற்கு மேலே கொஞ்சத் தூரத்தில் போய் நின்றுகொண்டார். அந்தக் கிழமைதான் தேங்காய் விலையும் ஏறியது. சனங்கள் தேங்காயைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அரசாங்கம் அப்போது வான்வெளியை ஆராய்வதென்று முடிவெடுத்து ஒரு திணைக்களமே திறந்திருந்தது. ரொக்கெட் வேண்டாம், வீண் செலவு என்றார்கள் நிபுணர்கள். கண்டி ஏற்கெனவே மலை மேலே இருக்கிறது, ஆகவே பாதி வழி இனாம். மிச்சத்துக்குச் சொன்ன சொல் தட்டாத ஓர் உத்தியோகத்தர் போதும். நவரட்ணராஜா தன் சேவைக் காலத்தில் ஓர் உத்தரவையும் மீறியவரல்லர். போதாக்குறைக்குச் சிங்களப் பரீட்சையில் திரும்பத் திரும்பக் கோட்டை விட்டதால் சம்பள ஏற்றமும் இல்லாமல், எந்தக் கந்தோரில் போடுவதென்றும் தெரியாமல் கிடந்த மனிதர். ஆகாயத்தில் பேச ஆளில்லை, ஆகவே பாஷைப் பிரச்சினையும் இல்லை. குடும்பத்தையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றும் உத்தரவில் இருந்தது.

"உங்களுக்கென்ன விசரே? மேல வந்து நான் ஆருக்குக் கணக்குப் படிப்பிக்கிறது?" என்று கேட்டாள் மனைவி மங்களேஸ்வரி. கண்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியை அவள்.

"ஓடர் வந்திட்டுது மங்களம். போகாமல் இருக்கேலாது," என்று சொல்லிக்கொண்டே அவர் எழும்பிவிட்டார்.

அவர் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருந்தது. திணைக்களத்தின் செலவு முழுக்க அந்தக் கயிறுதான். கப்பலில் வந்து, ரயிலேறி, லொறி லொறியாக அம்பிட்டியவுக்கு வந்து, மங்களேஸ்வரியின் பூசணிப் பாத்தி, கிணற்றடி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. கோயில் தேர்ச் சில்லை விடப் பெரிய ஓர் இரும்பு உருளையில் அதைச் சுற்றி, காவலுக்கு வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்னமுத்துவைக் கொண்டுவந்து வைத்தார்கள். பசிக்கு ஒரு பாண் வாங்கவும் விடியப்புறமே வரிசையில் நின்ற காலம் அது. ஊர் திட்டாத திட்டில்லை. எதிர்க் கடை ஸெய்னுலாப்தீன், மங்களேஸ்வரியைக் காணும்போதெல்லாம் கேட்பார்: "மாட்டக் கட்ட ரெண்டு பாகம் கயிறு போதும் டீச்சர். ஒங்கட மனிசனுக்கு என்னத்துக்கு இவ்வளவு? இந்தச் சல்லில ஆஸ்பத்திரிக் கூரைய மேய்ஞ்சிருக்கலாமே?"

அவர் சொன்னதில் பிழையில்லை என்றுதான் மங்களேஸ்வரியும் நினைத்தாள். காலையில் கூடையில் சாப்பாடு மேலே போகும். அதே கூடையில் அறிக்கை கீழே வரும். நட்சத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, நிலவு வழமைபோல என்று எழுதியிருக்கும். அமைச்சுக்கு அதில் பரம திருப்தி. வருடா வருடம் சம்பள ஏற்றம் கிடைத்தது, அதற்கேற்ப அவர் உயரமும் ஏறியது. மங்களேஸ்வரிக்கோ குழம்பு ஆறிப்போகிறதே என்ற கவலை. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. இருந்த ஒரு மனிதரையும் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அவருக்கு ஒரு வாய் சுடுசோறு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்கு வழி ஒன்றே ஒன்று: திணைக்களத்தை மூட வைப்பது. வான்வெளிச் செலவு வெறும் விழலுக்கு இறைத்த நீர் என்று கச்சேரி, அமைச்சு, பத்திரிகைக் கந்தோர் ஒன்று விடாமல் படியேறிச் சொன்னாள். நாட்டில் அந்தச் செலவுக்கு அவளைப் போல ஓர் எதிரி இருக்கவில்லை. எழுபத்தேழில் ஒருதரம் தமிழருக்கு அடித்தார்கள். அவள் வீட்டில் யன்னல் கண்ணாடியோடு போயிற்று. கண்ணாடி போட்டுவிட்டு மறுபடியும் படியேறினாள்.

1983 யூலையில் அரசாங்கம் அவள் சொன்னதை ஒப்புக்கொண்டது. செலவு பிரயோசனமற்றது, ஆளை இறக்கவும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை உத்தரவு வந்து சேர்ந்தது. மங்களேஸ்வரி முருங்கைக்காய்க் குழம்பை அடுப்பில் வைத்தாள். சின்னமுத்து உருளையைச் சுற்றினான். மத்தியானம் அவருடைய வெள்ளைச் சட்டை தெரிகிற உயரத்துக்கு வந்தபோது, மேலேயிருந்து குரல் கேட்டது.

"இஞ்சேரும், டவுன் பக்கம் புகையுது. கனபேர் இந்தப் பக்கமா வருகினம்."

மங்களேஸ்வரி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "சின்னமுத்து, கயிறை விடுங்கோ."

"எறக்கணும் எறக்கணும்னு இத்தன வருசமா நீங்கதானே அலஞ்சீங்க டீச்சரம்மா?"

"விடுங்கோ எண்டா விடுங்கோ. முழுக்க விடுங்கோ."

கயிறு முழுவதும் ஓடி முடிந்தது. நவரட்ணராஜா கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியானார். ஸெய்னுலாப்தீன் ஓடிவந்து இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டுபோய்க் கடைக்குப் பின்னறையில் விட்டார். அவர் மனைவி கைரியா அரிசி மூட்டைகளை அடுக்கி மறைத்தாள்.

வந்தவர்கள் வீட்டைக் கொளுத்தினார்கள். கொளுத்திவிட்டுப் பார்த்தால் ஒரு கயிறு வானத்துக்குப் போகிறது. அதன் நுனியில் ஒரு தமிழன் இருக்கிறான் என்பது அவர்களுக்கும் தெரிந்த விஷயம். உருளையைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினார்கள். கயிறு வந்தது. வந்துகொண்டேயிருந்தது. ஆள் மாறி ஆள் சுற்றினார்கள், சட்டையைக் கழற்றிவிட்டுச் சுற்றினார்கள், இடையில் எதிர்க் கடைக்கு வந்து சோடா வாங்கிக் குடித்தார்கள். ஸெய்னுலாப்தீன் மிச்சக் காசையும் சரியாக எண்ணிக் கொடுத்து விற்றார். ஊரடங்கு நேரம் நெருங்கியும் ஆகாயத்தில் ஒரு செருப்புக்கூடத் தென்படவில்லை. இவ்வளவு கயிறு வாங்கிய அரசாங்கத்தைத் தூஷணத்தில் ஏசி, உருளையை ஓர் உதை உதைத்துவிட்டுப் போனார்கள். மூட்டைகளுக்குப் பின்னால் மங்களேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கணக்கு வழக்கில்லாமல் கயிறு வாங்கிய அந்த மடையன் மந்திரிக்கு மனதார நன்றி சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு ஆத்திரமும் வந்தது.

அவளைப் போலக் கண்டியிலிருந்த யாழ்ப்பாணத்தவர் பலர் வடக்கே போய்விட்டார்கள். அவள் போகவில்லை, கயிறு இங்கே இருக்கிறதே. ஸெய்னுலாப்தீனின் பின்னறையிலேயே குடியிருந்தாள். வான்வெளி ஆராய்ச்சி இல்லாவிட்டால் நாடு உருப்படாது என்று பழைய படிகளிலெல்லாம் மறுபடி ஏறினாள். காசுக் கணக்குப் பார்க்கும் பழைய சிறாப்பர்மார் தலையைச் சொறிந்தார்கள். யுத்தம் வந்து காசையெல்லாம் தின்றது, ஆனால் திணைக்களத்தை மூடுவதற்கு நவரட்ணராஜா நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டியிருந்ததால் அது மூடப்படவில்லை. உருளைக்குப் பக்கத்தில் ஒரு காவலரண் போட்டார்கள். மேலே இருப்பவரின் அடையாள அட்டையை வாரத்துக்கு ஒருதரம் கூடையில் இறக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கயிற்றை மறுபடி முழுக்க விட்டபின் அவர் போய் நின்ற உயரத்தில், காலையில் சொன்னது பின்னேரம்தான் கீழே வந்து கேட்கும். 2009இல் சண்டை முடிந்து தெருவெல்லாம் பட்டாசு வெடித்துப் பாற்சோறு கொடுத்த நாளில், "இனி வரட்டோ?" என்ற கேள்வி மாலையில் வந்து சேர்ந்தது. மங்களேஸ்வரி தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தாள். "கொஞ்சம் பொறுங்கோ," என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அதைத்தான் சொன்னாள்.

2018 தொடக்கத்தில் அவளுக்கு முழங்கால் இயலாமல் போனது. "இவ்வளவு பொறுத்தது காணும் சின்னமுத்து. இறக்குங்கோ," என்றாள். சின்னமுத்துவும் கிழவனாகிவிட்டதால், சுற்றி முடிக்க மார்ச் மாதமாகிவிட்டது. கதிரையில் ஏறினால் எட்டிவிடும் உயரத்துக்கு அவர் வந்தார். மேலே வயது மெதுவாக ஏறுமாக்கும், தலை இன்னும் கறுப்பாகவே இருந்தது. அவள் தன் நரையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, கதிரையில் ஏறி அவர் பாதத்தைப் பிடித்தாள். அது குளிர்ந்திருந்தது.

"நல்லா மெலிஞ்சு போனீர்," என்றார் அவர். அவளுக்குக் கண்ணீர்தான் வந்தது. இறங்கினால் சாப்பிடக் கடைப் பின்னறையில் சோறு சுடச்சுட இருந்தது. அவர் நிமிர்ந்து தூரத்தைப் பார்த்தார். "திகனைப் பக்கம் புகையுது மங்களம்."

எதிரே ஸெய்னுலாப்தீன் கடைப் பலகைகளைப் போட்டுக்கொண்டிருந்தார். "இந்த முற எங்களுக்குத்தான் டீச்சர். முஸ்லிம் கடையெல்லாம் பத்த வச்சிட்டு வாறாங்களாம்," என்றார். பிள்ளைகள் சவூதியில். கைரியாவும் அவரும் மட்டும்தான்.

மங்களேஸ்வரி பாதத்தை விடவில்லை. "இஞ்சேருங்கோ, ஸெய்னுலாப்தீன் நானாவையும் கைரியாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

"ஓடரில குடும்பமும் சாமானும் எண்டுதானே கிடக்கு?"

"அவையள் குடும்பம்தான்."

"எனக்கென்னத்துக்கு டீச்சர் ஆகாயம்? நான் இங்கயே பொறந்தவன்," என்று ஸெய்னுலாப்தீன் மறுத்தார். கைரியா தொழுகைப் பாயையும் அரைச் சாக்கு அரிசியையும் எடுத்துக்கொண்டு கதிரையில் ஏறினாள். பிறகு அவரும் ஏறினார். நவரட்ணராஜா ஆளுக்கொரு கையைக் கொடுத்தார்.

"அப்ப நீர்?"

"கயிறு விட ஆள் வேணும். சின்னமுத்துவாலை தனிய ஏலாது." அவள் கதிரையை விட்டிறங்கி உருளையில் கை வைத்தாள். "போங்கோ. போயிட்டு வாங்கோ."

கடை எரிந்தது. உள்ளே யாரும் இல்லை. மூன்று பேரும் மேலேதான் இருக்கிறார்கள். ஸெய்னுலாப்தீன் விடியற்காலையில் சொல்லும் பாங்கு அம்பிட்டியவுக்கு மத்தியானம் வந்து சேரும். பழகிவிட்டதால் அதைக் கேட்டுத்தான் பலர் சாப்பாட்டுக்கு உட்காருகிறார்கள். போன வருடம் கொழும்பிலிருந்து கணக்காய்வு அதிகாரிகள் வந்து, இத்தனை வருடச் செலவால் நாட்டுக்கு என்ன பயன் என்று மங்களேஸ்வரியிடம் கேட்டார்கள். அவள் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, ஒவ்வொரு வீட்டு வாசலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். சிங்கள வீடும் இருந்தது, தமிழ் வீடும் இருந்தது, முஸ்லிம் வீடும் இருந்தது.

"கயிறு காணாது," என்றாள். "இன்னும் வாங்குங்கோ."