தட்டில் கரைந்தது

அண்ணனின் மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தைத் தங்கை பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தபோது டாக்டர் உள்ளே வந்தார். நுரையீரலின் ரத்தக்குழாயை அடைத்திருந்த ரத்தக்கட்டியைக் கரைக்க மருந்து ஏறிக்கொண்டிருந்தது. கட்டி கரையவில்லை, உடம்பின் மற்ற இடங்களில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது.

"நிறுத்திடலாம்னு பாக்குறேன். உங்களுக்குத் தெரியாதது இல்ல," என்றார்.

அவளுக்குத் தெரியும். நுரையீரலுக்குள் காவல் காக்கும் செல்களைத்தான் அவள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டுகளில் வளர்க்கிறாள். கிருமி நுழைந்தால் அவை வேதிப்பொருள்களைச் சுரந்து செய்தி அனுப்பும். கிருமியை விரட்டக் கிளம்பும் அந்தச் செய்தியே சில நேரம் கட்டி கரைவதையும் தடுத்துவிடும். அதை அடக்கிக் கட்டியைக் கரையவிடும் ஒரு மருந்தை அவள் குழு கண்டுபிடித்திருந்தது. தட்டுக்கு வெளியே அதை யாரும் இன்னும் சோதிக்கவில்லை.

லாரி ஓட்டும் அண்ணன் அவளை எல்லோரிடமும் "எங்க வீட்டு சளி டாக்டர்" என்றுதான் சொல்வான். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலோடு வண்டியை நிறுத்திவிட்டு வந்து படுத்தவன், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

கட்டிலருகே நின்றிருந்த அண்ணி தங்கையின் கையைப் பிடித்தாள்.

"உன் லேப்ல கட்டி கரையுதுன்னு சொன்னியே."

"அது தட்டுல, அண்ணி."

"தட்டுல கரையறது உடம்புல கரையாதா?"

தங்கை மறுகையால் புதுப் பஞ்சை எடுத்து அண்ணனின் மூக்கில் ஒற்றினாள்.

"கொஞ்சம் எடுத்துட்டு வந்து குடேன். நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

"மனுஷங்களுக்கு அது ஒத்துக்குமான்னே தெரியாது அண்ணி. அண்ணன் உயிரையே எடுத்துட்டா?"

"இப்ப மட்டும் என்ன நடக்குது?"

டாக்டர் காத்துக்கொண்டிருந்தார். தங்கை அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் மருந்தை நிறுத்தினார். அண்ணி பிடித்திருந்த கையை விட்டாள்.

அதன்பின் அண்ணன் அதிக நேரம் தாங்கவில்லை. ஜன்னலில் வெயில் இறங்கும் முன்பே திரையில் கோடு நேராகிவிட்டது. தங்கை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நர்ஸ் குழாய்களைக் கழற்றிவிட்டுப் போர்த்தினாள். அண்ணன் நெட்டை, பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அண்ணி போர்வையைக் கீழே இழுத்தாள். மார்பு தெரிந்தது. மறுபடி மேலே இழுத்தாள். மறுமுனையைப் பிடிக்கத் தங்கை கை நீட்டினாள்.

அண்ணி நர்ஸின் பக்கம் திரும்பினாள்.

"இதைவிட நீளமா ஒண்ணு கிடைக்குமாம்மா?"