இரண்டு பேருக்கான கிண்ணம்

“ரெண்டு பேர் இருந்தாத்தான் அன்ரி அதைக் குடுப்பம். இஞ்சத்தை றூல்ஸ்,” என்றாள் மெலனி.

பேர்ணடெற் மெனுவில் இருந்த படத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. எரிமலை வாய்போல நடுவில் தீ எரிகிற பெரிய கிண்ணம். சுற்றிவர அன்னாசித் துண்டுகள். உறிஞ்சிக் குடிக்க முழ நீளத்தில் இரண்டு ஸ்ரோ.

“ஒருத்தி வாறா,” என்றாள். “வெள்ளிக்கிழமை.”

ஒருத்தியையும் அவள் இன்னும் கேட்டிருக்கவில்லை.

ஸ்காபரோ பிளாசாவில் இருந்த அந்தக் கடைக்குள் அவள் முதன்முதலில் நுழைந்ததே ஒரு பிழைதான். வாசலில் ஓலைக்கூரையும் கண்ணாடிக்குள் தென்னையும் தெரிய, புதிதாக யாரோ எங்கட ஆட்கள் கடை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து உள்ளே போய் நாலு மட்டன் றோல்ஸ் கேட்டுவிட்டாள். அது தீவு வேஷம் போட்ட ஒரு பார். உள்ளே ஒரே இருட்டு. பல்லை இளித்துக்கொண்டு மரமுகங்கள். வயிற்றுக்குள் பல்ப் எரியும் ஊதிய பேத்தை மீன்கள். பழைய காலத்து மேளமும் மணியும் கலந்த ஒரு இசை, அதற்கிடையில் பறவைச் சத்தம். தலையில் பெரிய பூ வைத்திருந்த நாற்பது வயதுப் பெண் ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். “றோல்ஸ் இல்லை அன்ரி, இருங்கோ, அன்னாசி ஜூஸ் தாறன். எங்கட அம்மாவைக் கண்டா மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. நான் பாங்கில வேலையெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா.”

அவள்தான் மெலனி. அதற்குப் பிறகு பேர்ணடெற் அடிக்கடி பின்னேரங்களில் வந்தாள். அங்கே ஒன்றும் உண்மையில்லை என்பதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. ஓலை பிளாஸ்ரிக். கிளி பிளாஸ்ரிக். இடையிடையே ஸ்பீக்கருக்குள் இடி இடித்துப் பெய்யும் மழை யாரையும் நனைப்பதில்லை. ஏன் கலியாணம் கட்டவில்லை என்று அந்த மரமுகங்கள் கேட்பதுமில்லை. அண்ணன்ர பிள்ளைகள் மூன்றையும் வளர்த்தது அவள்தான். அவர்கள் நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கி அவளுக்கும் ஓர் அறை ஒதுக்கினார்கள். பஸ் ஓடாத தெருவில். அவள் அப்பார்ட்மென்ரிலேயே நின்றுவிட்டாள். சில நாட்களில் மெலனியிடம் பேச வாயைத் திறக்கும்போதுதான், விடிந்ததிலிருந்து ஒரு சொல்லும் பேசவில்லை என்று தொண்டை காட்டிக்கொடுக்கும்.

ஒருநாள் பக்கத்து மேசையில் இரண்டு கிழடுகள் அந்தக் கிண்ணத்தைக் குடித்தார்கள். நெற்றி முட்டுகிற அளவுக்குக் குனிந்து, தீயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. அன்றிலிருந்துதான் இந்த ஆசை.

றீற்றாவும் அவளும் ஞாயிறு பூசைக்கு ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவர்கள். பேர்ணடெற் அவளுக்குத்தான் ஃபோன் எடுத்தாள்.

“தவக்காலத்தில பாருக்கோ? உமக்கென்ன விசரே?”

“சாராயம் போடாமல் செய்வினமாம்.”

“பிறகேன் நெருப்பு?”

“மேலால மட்டும் ஒரு சொட்டு விடுவினமாம், அது எரிஞ்சு போயிடுமாம்.”

“ஆரும் கண்டா?”

“ஆர் காணப்போகினம்? நாலு மணிக்கு ஈ காகம் இல்லை. வாருமன், றீற்றா.”

“வெள்ளிக்கிழமை எனக்கு லீவெண்டு தெரிஞ்சுதானே கேக்கிறீர்? சரி, வாறன்.”

வெள்ளிக்கிழமை பேர்ணடெற் பெருநாள் தோடு போட்டுக்கொண்டு நேரத்தோடு வந்து, மீன்விளக்குக்குக் கீழே கண்ணாடியோரம் இடம்பிடித்தாள். பிறகுதான் வெளியே பார்த்தாள். பக்கத்துக் கடை மீன்கடை. தவக்காலத்து வெள்ளி, இறைச்சி தொடாத நாள். கோயில் பங்குச் சனம் முழுக்க வரிசையில் நின்றது.

றீற்றாவின் கார் வந்து கண்ணாடிக்கு நேரே நின்றது. கதவு திறக்கவில்லை. ஃபோன் அடித்தது.

“உதில பாட்டுக்குழு கரோலின் எல்லே நிக்கிறா!”

“நீரும் மீன் வாங்க வந்தமாதிரி இறங்குமன்.”

“இறங்கி? அங்கால போகவேண்டிய ஆள் இஞ்சால வந்தா அவ பாக்கமாட்டாவே?”

“றீற்றா, இது ரெண்டு பேருக்கான கிண்ணம்.”

“தெரியுமப்பா. சனம் குறையட்டும்.”

சனம் குறையவில்லை. இரண்டு பேர் பையோடு போக மூன்று பேர் வந்தார்கள். மெலனி கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிவந்து வைத்தாள்.

“உங்கட ஆள் எங்க அன்ரி? ஐஸ் கரையப்போகுது.”

“வந்திட்டா,” என்று பேர்ணடெற் கண்ணாடிப் பக்கம் தலையை அசைத்தாள். “நீர் கொழுத்தும்.”

மெலனி வெளியே பார்த்தாள். லைற்றரை எடுத்துக் கொழுத்தினாள். நீலமாய் ஒரு சுடர் எழுந்தது. ஸ்பீக்கருக்குள் இடி இடித்து மழை தொடங்கியது. எதிர்க்கதிரைப் பக்கமிருந்த ஸ்ரோ விளிம்பில் வழுக்கி உள்ளே விழப் பார்க்க, பேர்ணடெற் அதை ஒரு விரலால் பிடித்துக்கொண்டாள்.

வெளியே நல்ல வெயில். ஆனால் றீற்றாவின் காரில் வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது; பதற்றத்தில் கை பட்டிருக்கவேண்டும். அதற்குப் பின்னால் அவளுடைய முகம் மறைந்து மறைந்து தெரிந்தது.