தொப்புள்கொடிக்குள் மூன்று

ஸ்கேன் அறைக்குள் வாய் ஓயாமல் பேசும் கணவன்மாரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர் எலக்ட்ரீஷியன் வேறு. நுழைந்ததும் என் மெஷினின் பிளக்கை முறைத்துப் பார்த்து, "லூசா இருக்கு டாக்டர்" என்றார்.

படுக்கையில் அவர் மனைவி. ஐந்து மாதம். வேறோர் இடத்தில் எடுத்த ஸ்கேனில், தொப்புள்கொடிக்குள் மூன்று ரத்தக்குழாய்க்குப் பதில் இரண்டுதான் தெரிகிறது, மறுபடி பார்க்கவும் என்று எழுதிவிட்டிருந்தார்கள். பதினோரு நாளாக அந்தப் பெண்ணுக்குப் பொட்டுத் தூக்கமில்லை.

"ரெண்டு கோர் வயர்லயும் ஃபேன் ஓடும்னு சொல்றேன், கேக்கவே மாட்டேங்கிறா."

"ஏங்க, கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றாள். நான் சொல்ல நினைத்ததும் அதுவே.

வயிற்றில் ஜெல் தடவிக் கருவியை வைத்தேன். குழந்தைக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய குழாய் பளிச்சென்று தெரிந்தது. திருப்பி எடுத்துப்போகும் சின்னக் குழாய்கள்தான் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டு வம்பு செய்தன. அவற்றைப் பிடிக்க இன்னோர் இடம் உண்டு. குழந்தையின் மூத்திரப்பையை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக அவை ஓடும். பை நிறைந்திருந்தால் இடம் கண்டுபிடிப்பது சுலபம். இந்த வாண்டு சற்றுமுன்தான் காலி செய்திருந்தது.

"அரை மணி நேரம் நடந்துட்டு வாங்க. பாப்பா நிரப்பட்டும்."

"அப்படியே அப்பா மாதிரி. வேலை நேரத்துலதான் பாத்ரூம் வரும்" என்றாள் அவள். அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

திரும்பி வந்தபோது பை கறுப்பு உருண்டையாக நின்றது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் கலரைப் போட்டேன். ஒரு பக்கம் சிவப்பு. மறுபக்கம் ஒன்றுமில்லை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். கருவியைச் சாய்த்தேன். சிவப்பு நீலமானது.

"ஐயையோ, லைன மாத்திக் குடுத்துட்டாங்க!" எலக்ட்ரீஷியன் எழுந்தே விட்டார்.

"உக்காருங்க சார். ரத்தம் இந்தக் கருவியப் பாத்து வந்தா சிவப்பு, விலகிப் போனா நீலம். இது வயர் கலர் இல்ல."

இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். மறுபக்கத்திலும் நீலமாக ஒரு கோடு துடித்தது.

"இதோ, ரெண்டாவதும் இருக்கு. மொத்தம் மூணு. எல்லாம் சரியா இருக்கும்மா."

"அப்பாடா" என்று அவள் கண்ணை மூடினாள். பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அந்த வாயாடி மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பி, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார்.

"இத்தனை நாளும் நான்தான் அழுதேன் டாக்டர். இவரு ஒரு சொட்டு விடல" என்றவள், ஜெல் துடைக்க வைத்திருந்த காகிதத்தை அவரிடம் நீட்டினாள். "இங்க வாங்க, பரவால்ல."

என் எரிச்சலெல்லாம் போன இடம் தெரியவில்லை. வாசலில் அடுத்த பேஷண்ட் காத்திருந்தார். எலக்ட்ரீஷியன் அழுது முடிக்கட்டும் என்று கதவைச் சாத்தி வைத்தேன்.